தரைக்கு இட்ட பெயர்கள்: ஆத்தங்குடிக் கல்லும் மறையூர் நிலமும்

தமிழர் வீட்டமைப்பைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கண்மட்டத்திலும் அதற்கு மேலுமே நின்றுவிடுகின்றன. தூண், போதிகை, நிலை, கதவு, உத்திரம், கூரை ஆகியவற்றின் உறுப்புப் பெயர்களை ஓரளவு தொகுத்துள்ளோம். காலடியில் கிடக்கும் தரைக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை. தூணையும் கதவையும் பெயர்த்தெடுத்து விற்கலாம், அருங்காட்சியகத்தில் நிறுத்தலாம். தரையை அவ்வாறு செய்வது எளிதன்று. வீடு இடிபடும்போது தரை இடிபாட்டோடு இடிபாடாகிறது. அதனுடன் அதைப் பற்றிய சொற்களும் போய்விடுகின்றன.

இது மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தொடர்பற்ற கவலை எனத் தோன்றலாம். ஆயினும் கட்டடப் பணி, உள்ளக வடிவமைப்பு, வீட்டுக்கடன் ஆவணம், விளம்பரம் ஆகியவை இன்று தமிழில் பெருமளவு மொழிபெயர்க்கப்படுகின்றன. அவற்றில் 'தரைவிரிப்பு' என்னும் சொல் ஓரிடத்தில் கம்பளத்தையும் மற்றோரிடத்தில் தரை அமைக்கும் வேலையையும் குறிக்கக் காண்கிறோம். 'தரை ஓடு' என்னும் சொல்லாக்கம் எழுத்தில் நிலைபெற்றுவிட்டது. கொத்தனார் வாயில் அதைக் கேட்பது அரிது. அணிசெய்த தரையின் வரலாற்றை அதற்கு இடப்பட்ட பெயர்களின் வழியே காண முயல்வது இக்கட்டுரை. செட்டிநாட்டு ஆத்தங்குடி இதன் மையம். இரு மொழிகள் சந்திக்கும் மறையூர் இதன் எல்லை.

வினைகள் காட்டும் வரலாறு

பெயர்ச்சொற்களை ஒரு மொழி எளிதில் கடன் வாங்கும். வினைச்சொற்கள் அத்துணை எளிதில் மாறுவதில்லை. தரை பற்றிய தமிழ் வினைகளை அடுக்கிப் பார்த்தால் தொழில்நுட்ப வரலாறு ஒன்று தானே வெளிப்படும். மெழுகுதல், பாவுதல், போடுதல், பதித்தல், ஒட்டுதல் ஆகிய ஐந்தும் ஐந்து வகைத் தரைகளுக்கு உரியவை.

மெழுகுதல் மண்தரைக்கு உரியது. சாணம் கரைத்த நீரைக் கையால் பூசி உலரவிடும் இச்செயலுக்குத் தமிழும் மலையாளமும் ஒரே வினையைக் கொண்டுள்ளன. கோயிலை அலகிடுதலும் மெழுகுதலும் பக்தி மரபில் தொண்டாகப் போற்றப்பட்டன. திருவதிகையில் திலகவதியார் செய்த தொண்டாகப் பெரியபுராணம் கூறுவதும் இதுவே. இடைக்காலக் கல்வெட்டுகளில் 'திருமெழுக்குப்புறம்' என்னும் சொல் வருகிறது. கோயில் தரையை மெழுகும் பணிக்கென விடப்பட்ட நிலத்தை அது குறிக்கும். தரையைப் பேணுவதற்கென ஒரு நிலமே ஒதுக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. தரை என்பது ஒரு முறை அமைத்து மறந்துவிடும் பொருளன்று, மீண்டும் மீண்டும் ஆக்கப்படுவது என்ற எண்ணம் இச்சொல்லுள் அடங்கியுள்ளது. 'மெழுகு' என்னும் வினை பேணுதலையும் ஆக்குதலையும் பிரிப்பதில்லை. இன்றைய கட்டடத் துறைச் சொற்கள் அனைத்தும் அவ்விரண்டையும் பிரித்தே பேசுகின்றன.

பாவுதல் என்பது பரப்புதல். கல்லையோ செங்கல்லையோ வரிசையாகப் பரப்பும் வேலைக்கு இது பொருந்திற்று. நெசவில் நீளவாட்டில் செல்லும் இழையும் பாவு எனப்படுவது நினைக்கத்தக்கது. இரண்டிலும் நேர்கோடும் வரிசையும் உண்டு. அகராதிகளில் கற்பாவிய தரையைக் குறிக்கக் காணப்படும் 'தளவரிசை' என்னும் சொல்லிலும் வரிசை என்னும் கருத்தே முன்னிற்கிறது. வடமொழியில் இதற்குக் 'குட்டிமம்' என்னும் சொல் உண்டு. அதில் வரிசைக் கருத்து இல்லை. இடித்து இறுக்குதலைக் குறிக்கும் வினையோடு அது உறவுடையது.

இடித்து இறுக்கும் தரை தமிழகத்திலும் இருந்தது. சுண்ணாம்புக் காரையையும் செங்கற்பொடியையும் பரப்பி, கடுக்காய் நீரும் வெல்லநீரும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்துத் தளம் போட்டனர். 'போடுதல்' இங்கு வெறும் துணைவினைபோலத் தோன்றினாலும், கலவையைக் கொட்டிப் பரப்பி ஒரே பரப்பாக்கும் எல்லா வேலைகளுக்கும் இவ்வினையே நிற்கிறது. சிமெண்டு வந்தபின் 'சிமெண்டுத் தரை போட்டார்கள்' என்றே வழங்கினர். பாவினார்கள் என ஒருவரும் கூறவில்லை, கூறவும் முடியாது. தனித்தனி உறுப்புகள் இல்லாத தரை அது.

பதித்தல் என்னும் வினையில்தான் அணிகலன் நுழைகிறது. கம்மலில் கல் பதிப்பதும் கூடத்தில் கல் பதிப்பதும் தமிழில் ஒரே தொடர். எழுவாய் மாறினாலன்றி வேறுபாடு தெரியாது. கலவைப் படுகையில் ஒவ்வொரு கல்லையும் அமுக்கி மட்டம் பார்க்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வினை இல்லை. இறுதியாக வந்தது ஒட்டுதல். ஆலையில் சுட்ட மெல்லிய ஓட்டைப் பசைக் கலவையால் பழைய தரையின் மேலேயே இருத்தும் முறை இது. 'டைல்ஸ் பதித்தார்' என்பது இன்னும் வழக்கில் உள்ளது எனினும் 'டைல்ஸ் ஒட்டினார்' என்பது பெருகி வருகிறது. 'டைல்ஸ்' என்னும் ஆங்கிலப் பன்மை தமிழில் ஒருமையாகி, 'ஒரு டைல்ஸ் உடைந்துவிட்டது' என வழங்குவதும், அதன்மேல் '-கள்' ஏறுவதும் கடன்சொல் ஆய்வாளர் நன்கறிந்தவை.

ஆத்தங்குடியின் வயது

காரைக்குடியை அடுத்துள்ள ஆத்தங்குடி இன்று சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழும் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. இங்குக் கையால் வார்க்கப்படும் வண்ணத் தரைக்கல் 'ஆத்தங்குடிக் கல்' என ஊர்ப்பெயராலும், 'பூக்கல்' எனத் தோற்றத்தாலும் அழைக்கப்படும்.

இக்கல்லைப் பற்றி எழுதுவோர் 'பன்னூறு ஆண்டுப் பழமை', 'மரபுவழித் தமிழ்க் கலை' என்னும் தொடர்களைத் தயக்கமின்றி எழுதிவிடுகின்றனர். இக்கல்லின் முதற்பொருள் சிமெண்டு. போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824இல். இந்தியாவில் சிமெண்டு உற்பத்திக்கான முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடைபெற்றது. நிலையான உற்பத்தி போர்பந்தரில் 1914இல் தொடங்கிற்று. சிமெண்டைக் கொண்டு சுடாமலே வண்ணத் தரைக்கல் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தென் பிரான்சில் உருவாகி, 1867ஆம் ஆண்டுப் பாரிசு உலகக் கண்காட்சிக்குப் பின் பரவலாயிற்று. அக்கண்காட்சியில் இதைக் காட்சிக்கு வைத்தது பார்சிலோனாவைச் சேர்ந்த ஒரு நிறுவனம். அங்கிருந்து மத்தியதரைக் கடற்கரை நாடுகள், வட ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, இந்தோசீனம் எனக் குடியேற்ற ஆட்சிகளின் வழியே அது சென்றது. ஆகவே ஆத்தங்குடிக் கல்லுக்கு நூற்றாண்டு வயது தரலாம். பன்னூறு ஆண்டு தருவதற்குச் சான்றில்லை. இதனால் அதன் பெருமை குறைவதாக நான் கருதவில்லை. வந்த ஒன்றை எவ்வளவு மாற்றிக் கொண்டனர் என்பதே கேள்வி.

மாற்றம் பெரிது. ஐரோப்பிய முறையில் உலோக அச்சில் வண்ணக் குழம்பை இட்டு, மேலே உலர்கலவை இட்டு, விசை எந்திரத்தால் அழுத்துவர். ஆத்தங்குடியில் எந்திரம் இல்லை. சதுரக் கண்ணாடித் தகட்டைச் சமமான இடத்தில் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம் வைத்து, சட்டத்துக்குள் பூவடிவம் பகுத்த தகர அச்சை இறக்குகின்றனர். அச்சின் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய வண்ணக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகின்றனர். இரும்பு ஆக்சைடு தரும் சிவப்பும் மஞ்சளும் கறுப்பும், அவற்றுடன் பச்சையும் நீலமும் வெள்ளைச் சிமெண்டும் கலந்த குழம்பு அது. அச்சை மெல்லத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், ஆனால் கலப்பதில்லை. குழம்பின் பதமே இங்குக் கைத்திறன். நீர் சற்றுக் கூடினால் கோடு கலங்கும். குறைந்தால் மூலை நிரம்பாது. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்பொடியைத் தூவி, பின் ஈரக் கலவையிட்டு மட்டப்படுத்துகின்றனர். உலர்ந்து இறுகியபின் நீர்த்தொட்டியில் சில நாள்கள் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி தனியே கழன்றுவிடும்.

கல்லின் முகம் கண்ணாடியிடமிருந்து தன் மழமழப்பைப் பெறுகிறது. மெருகேற்றுவதில்லை, மேலே பூசுவதும் இல்லை. கண்ணாடியின் சமன்பாடே கல்லில் அச்சாகிறது. பதித்தபின் உமியாலும் தேங்காயெண்ணெயாலும் தேய்ப்பர். பிறகு வீட்டார் நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். பயன்பாட்டால் தேயும் பொருள்கள் மிகுந்த உலகில் இது பயன்பாட்டால் மெருகு பெறுகிறது. மெழுகும் தரைக்கும் இதற்கும் உள்ள உறவு, பொருளால் அன்று; பேணுதலே ஆக்குதலாகும் இவ்வொரு தன்மையாலேயே.

இத்தொழிலுக்கு வாய்ப்பளித்தது நகரத்தாரின் கடல் கடந்த செல்வம். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வசமானதும், 1869இல் சூயசுக் கால்வாய் திறந்ததும் பர்மிய நெல்லுக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டன. அந்நெல்லுக்கு வட்டிக்கு முதல் கொடுத்தோர் நகரத்தார். இலங்கை, மலேயா, சைகோன் வரை அவர்தம் கடைகள் பரவின. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் ஐரோப்பிய ஓடும் மரக்கலங்களில் வந்தன. பின்னர் 1930ஐ ஒட்டிய உலகப் பொருளாதார வீழ்ச்சி, 1937இல் பர்மா தனி ஆட்சியாகப் பிரிக்கப்பட்டமை, 1942இல் சப்பானியப் படையெடுப்பு ஆகியவை அச்செல்வத்தை அறுத்தன. வீடுகள் பூட்டப்பட்டன, பல பிரிக்கப்பட்டன. அவற்றின் தேக்குத் தூண்களும் நிலைகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்றன. தரை மட்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே உடைபட்டது.

கல்லா, ஓடா?

ஆத்தங்குடிக் கல்லை மொழிபெயர்ப்பாளர் 'ஆத்தங்குடி ஓடு' என எழுதும்போது ஓர் இடர் நேர்கிறது. தமிழில் ஓடு என்பது மேலே மூடுவது. ஆமையோடு, நண்டோடு, மண்டையோடு, முட்டையோடு ஆகிய எல்லாவற்றிலும் உள்ளிருப்பதைக் காக்கும் மெல்லிய மேலுறையே ஓடு. கூரை ஓடும் அதுவே. நாட்டு ஓடு, சீமை ஓடு என்னும் பாகுபாடு, பேசல் சமயப் பணியினர் 1865இல் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு வந்தது. இரண்டும் கூரைக்கு உரியவை. கல் என்பதோ தாங்குவது. சுட்ட மண்ணாயினும் சுவரைத் தாங்குவதால் அது செங்கல். சுட்ட மண்ணே கூரையை மூடினால் ஓடு. பொருள் ஒன்றே, பெயர் இரண்டு. ஆகவே தமிழர் பெயரிட்டது பொருளின் தன்மையை நோக்கி அன்று, அது செய்யும் வேலையை நோக்கியே எனலாம். மேலே நடப்பவரைத் தாங்கும் இப்பொருளைக் கல் என்றது அவ்வொழுங்கின்படி முற்றிலும் சரி.

இதற்கு ஒரு தடை உண்டு. மாடித் தளத்தின்மேல் பாவும் தட்டையான சுட்ட ஓட்டைத் 'தட்டோடு' என்கிறோம்; அதன்மீது நடக்கவும் செய்கிறோம். ஆனால் அங்கும் அதன் முதல் வேலை மழைநீரைத் தடுத்துத் தளத்தை மூடுவதே. தடை விதியை உறுதிப்படுத்துகிறது என்று கூறிவிட நான் துணியேன். எனினும் விதியை முறிக்கவில்லை.

பிற மொழிகளை நோக்கலாம். ஆங்கிலத்தின் 'டைல்' இலத்தீன் 'தேகுலா'விலிருந்து வருவது; மூடுதல் என்னும் வினையடியாகப் பிறந்தது. கூரையில் பிறந்து தரைக்கு இறங்கிய சொல் அது. தமிழில் 'தரை ஓடு' என மொழிபெயர்ப்போர் ஆங்கிலம் நடந்த அதே வழியில் தமிழையும் நடத்துகின்றனர். டச்சு மொழியின் 'தேகல்' அவ்விலத்தீன் சொல்லின் வழித்தோன்றலே; இந்தோனேசியம் அதை அப்படியே ஏற்றது. பிரெஞ்சு மொழி சதுர வடிவை வைத்துக் 'கரோ' என்றது. போர்த்துக்கேயரின் 'அசுலேசு' அரபியிலிருந்து வந்தது. அதன் அரபு மூலத்துக்கு மெருகிட்ட சிறுகல் என்றே பொருள் கூறுவர். வியட்நாமில் பிரெஞ்சு ஆட்சியின்போது புகுந்த சிமெண்டுத் தரைக்கல்லின் பெயர் 'காட் போங்'. காட் என்பது செங்கல், போங் என்பது பூ. சைகோனில் நகரத்தார் வாணிகம் செய்ததையும் கோயில் கட்டியதையும் எண்ணும்போது 'பூக்கல்'லுக்கும் இதற்கும் உறவு கற்பிக்க ஆசை எழும். அதற்குச் சான்றில்லை. பூவடிவம் கண்ட இரு மொழியினர் தனித்தனியே பூவென்று சொன்னார்கள் என்பதோடு நிற்பது நலம்.

தரையில் அமரும் வீடு

அணிசெய்த தரையை உள்ளக வடிவமைப்பில் எவ்வாறு ஆள்வது என்று இன்று பலவாறு பேசப்படுகிறது. பழைய வீடுகளை அமைத்தோர் இதைப் பற்றி எழுதி வைக்கவில்லை. ஆனால் செய்து வைத்தனர். செட்டிநாட்டு வீட்டின் முகப்பு விருந்தினர் அமரும் இடம். அங்கு வெளிநாட்டுச் சலவைக்கல்லும் ஓடும் முதலிடம் பெற்றன. வானம் பார்த்த வளவின் நடுவில் பூக்கல் பொருந்தாது. மழையும் வெயிலும் நேரே விழும் இடமாதலால் கருங்கல்லே அதற்கு உரியது. வளவைச் சுற்றிய நடையிலும் பட்டாலையிலும் அறைகளிலும் பூக்கல் இடம்பெற்றது. நான்கு கற்கள் சேர்ந்தால் ஒரு பூ முழுமை பெறும் அமைப்பும், ஒரு கல்லிலேயே பூ முடியும் அமைப்பும் உண்டு. முன்னது அகன்ற கூடத்துக்கும் பின்னது சிறிய அறைக்கும் ஏற்றவை. நடுவில் பூ, ஓரத்தில் ஒற்றை நிறக் கல், இடையில் கோடிட்ட கல் என்று பதித்தால் சேலைக்கு உடலும் கரையும்போல் அறைக்கு வரம்பு அமைகிறது. மேலைநாட்டார் இதனைக் கம்பளத்தோடு ஒப்பிடுவர். நம் மொழிபெயர்ப்பாளர் கம்பளத்தை அப்படியே இறக்குமதி செய்வதைவிடக் கரை என்று சொல்வது தகும்.

இங்கு மறக்கக் கூடாத ஒன்று, அவ்வீடுகளில் தரையே இருக்கை, தரையே உணவுமேசை, தரையே படுக்கை. பந்தி தரையில், கணக்குப்பிள்ளை அமர்வது தரையில், குழந்தை தவழ்வது தரையில். கண் தரைக்கு ஒன்றரை முழ உயரத்தில் இருக்கும் வாழ்க்கைக்கு வரையப்பட்ட பூ அது. நாற்காலியும் சோபாவும் அடைத்த அறையில் அதே கல்லைப் பதித்துவிட்டு, 'ஏனோ பழைய வீட்டைப் போல் இல்லை' என்று வருந்துவதில் பயனில்லை. இன்றைய கட்டடக் கலைஞருள் சிலர் இதை உணர்ந்து, அறை முழுதும் பூக்கல்லால் நிரப்பாமல், சிவப்பு ஆக்சைடுத் தரையின் நடுவே ஒரு பகுதியிலும், திண்ணை மேலும், படிக்கட்டின் எழுமுகத்திலும் அதைப் பதிக்கின்றனர். குளிர்ச்சியும் காலுக்கு இதமும் தேவையான இடத்தில் இது பொருந்துகிறது. புளியும் எலுமிச்சையும் சிந்தும் அடுப்படியில் பொருந்தாது. சிமெண்டைப் புளிப்பு அரிக்கும்.

பூக்கல்லைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி காணும் மற்றொரு கருத்து, அது கல்லில் நிலைபெற்ற கோலம் என்பது. அழகிய எண்ணம்; ஆனால் ஒத்துக்கொள்ளத்தக்கதாகத் தெரியவில்லை. கோலம் வாசலுக்கு உரியது. பூக்கல் உள்ளுக்கு உரியது. கம்பிக் கோலத்தின் உயிர், புள்ளிகளைச் சுற்றி ஓடும் அறுபடாத கோடு. பூக்கல்லின் உயிர், கல்லின் விளிம்பில் அறுபட்டு அடுத்த கல்லில் தொடரும் பரப்பு. ஒன்று கோட்டின் கலை, மற்றொன்று நிறத்தின் கலை. பூக்கல் வடிவங்களிற் பலவற்றின் மூதாதையரை ஐரோப்பிய ஓட்டு நிறுவனங்களின் விலைப்பட்டியல்களில் தேடுவதே முறை. மேலும், பூக்கல் பதித்த வீட்டிலும் நாள்தோறும் வாசலில் கோலம் இடப்பட்டே வந்தது. கோலத்தின் இடத்தைப் பூக்கல் எடுத்துக்கொள்ளவில்லை.

பளிங்கும் மொசைக்கும்

மொழிபெயர்ப்பாளரை வழுக்கச் செய்யும் வேறு சில தரைகளையும் சுருக்கமாகச் சுட்டலாம். 'பளிங்கு' பழந்தமிழில் ஒளி ஊடுருவும் படிகம். மணிமேகலை புகுந்த பளிக்கறை படிக அறையே. சலவைக்கல் அறை என்றால் வெளியிலிருப்பவன் உள்ளிருப்பவளைக் காணும் கதைநிகழ்ச்சி நிற்காது. மயன் அமைத்த அவையில் துரியோதனன் தரையை நீரென்று மயங்கியதும் படிகத்தாலேயே இயலும். பிற்காலத்தில் இச்சொல் சலவைக்கல்லின் மேல் ஏறிற்று. 'சலவைக்கல்' என்பது வெளுத்த துணியின் வெண்மையைக் கொண்டு எழுந்த பெயர் எனலாம். கறுப்புச் சலவைக்கல் என்று சொல்லும்போது ஒருவரும் முரண்பாட்டை உணர்வதில்லை.

'மொசைக்' கதை இன்னும் வேடிக்கை. 1950களிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நகர வீடுகளில் பரவிய, கல் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து எந்திரத்தால் தேய்த்த தரையைத் தமிழர் மொசைக் என்றனர். அதன் மேலைநாட்டுப் பெயர் 'தெராசோ'. வண்ணத் துண்டுகளை அடுக்கி உருவம் அமைக்கும் பைசாந்தியக் கலைதான் அங்கு மொசைக். இத்தாலியின் இராவென்னாக் கோயில்களைப் பற்றிய நூலை மொழிபெயர்ப்பவர் 'மொசைக்' என்று மட்டும் எழுதினால், ஐம்பது வயதைத் தாண்டிய தமிழ் வாசகர் தம் பழைய வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொள்வார்.

சிமெண்டின் பெயரும் ஒன்றாக இல்லை. தமிழகத்தில் சிமெண்டு, சிமிட்டி, இலங்கையில் சீமெந்து. மொழிபெயர்ப்பு எந்தக் கரைக்கு என்று முதலில் தெளிய வேண்டும்.

மறையூரில்

இனி எல்லைக்கு வருவோம். மறையூர், காரையூர், காந்தல்லூர், கீழாந்தூர், கொட்டகுடி ஆகிய ஐந்தும் சேர்ந்த அஞ்சுநாடு, பழைய திருவிதாங்கூரின் தேவிகுளம் வட்டத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 முதல் கேரளத்திலும், 1972 முதல் இடுக்கி மாவட்டத்திலும் அடங்கியது. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியே ஏறிவரும் சாலை இதைக் கொங்கு நாட்டோடு இணைக்கிறது. சந்தனக் காடும் கரும்பும் இவ்வூருக்குப் பெயர் தந்தன. மறையூர்ச் சர்க்கரைக்குப் புவிசார் குறியீடு 2019இல் கிடைத்தது. இங்கு வாழும் தமிழர் வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமும் புழங்குவோர்.

ஊரையடுத்த பாறைமேடுகளில் நிற்கும் பெருங்கற்காலக் கல்திட்டைகளை மக்கள் முனியறை என்பர். பக்கக் கற்கள் மூன்றோ நான்கோ, மேலே மூடுகல் ஒன்று. சுவரும் கூரையும் செதுக்கிக் கொணரப்பட்டவை. பல திட்டைகளில் தரை, மேட்டின் பாறையேதான். தரை என்பதைத் தனியே செய்யத் தேவையில்லாத இடம் அறிந்து கட்டினர் போலும்.

வீடுகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. மண்சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட அஞ்சுநாட்டு வீட்டுக்கு மெழுகிய மண்தரையே உரியது. அதன்பின் கேரளம் முழுவதும் பரவிய சிவப்பு ஆக்சைடுத் தரை வந்தது. இதனை மலையாளத்தில் 'காவியிட்ட' தரை என்பர். காவி இரு மொழிக்கும் பொதுச்சொல். தமிழில் அது துறவியின் ஆடையை முன்னிறுத்துகிறது, மலையாளத்தில் தரையையும் அதே இயல்போடு குறிக்கிறது. கேரளத் தரைகளின் மரபு செறிவானது. கொச்சிப் பரதேசி யூதக் கோயிலில் பதினெட்டாம் நூற்றாண்டில் எசெக்கியேல் இரகபி காண்டனிலிருந்து தருவித்ததாகக் கூறப்படும் நீலவெள்ளைப் பீங்கான் கற்கள் உள்ளன. பத்மநாபபுரம் அரண்மனையில் சிரட்டைக்கரி, முட்டையின் வெண்கரு, சுண்ணாம்பு ஆகியன சேர்த்துச் செய்ததாக மரபு கூறும் கறுப்புத் தரை உள்ளது. பத்மநாபபுரம் 1956இல் தமிழகத்தில் அமைந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில் உள்ளது. தமிழ் பேசும் மறையூர் கேரளத்தில். திருவிதாங்கூர் மன்னரின் தரை தமிழகத்தில். எல்லை வகுத்தோர் தரையைப் பார்த்து வகுக்கவில்லை.

மறையூரில் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல் 'நிலம்' என்னும் சொல்லில் தொடங்குகிறது. தமிழில் நிலம் என்பது மனையோ காடோ வயலோ எதுவாயினும் பொதுப்பெயர். வீட்டுக்குள் இருப்பது தரை. மலையாளத்தில் வீட்டுத் தரையே நிலம். 'நிலம் துடைத்தாள்' என்னும் பொருளில் வரும் மலையாளத் தொடரைத் தமிழாக்குவோர் 'தரை துடைத்தாள்' என்றே எழுத வேண்டும். 'தற' என்னும் வல்லின றகரச் சொல் அங்கு மேடையையும் அடித்தளத்தையும் தரையையும் குறிக்கும். ஆலமரத்தைச் சுற்றிய மேடையும் அதுவே. தமிழ் 'தரை'யோடு அதனை ஒன்றெனக் கொள்வோர் இடையின, வல்லின வேறுபாட்டுக்கு விடை கூற வேண்டும். 'தளம்' அங்கு வீட்டின் ஒரு கூடம். இங்குத் தரை, மாடி, அடுக்கு. ஒரே வேர்ச்சொற்கள் ஒரு வீட்டுக்குள்ளேயே இடம் மாறி அமர்ந்துள்ளன.

இது இலக்கிய மொழிபெயர்ப்போடு நின்றுவிடுவதில்லை. கேரள வருவாய்ப் பதிவேடுகளில் 'நிலம்' என்பது நெல்வயல் என்னும் வகைப்பாட்டுச் சொல். அதற்கு மாறானது 'புரயிடம்'. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் இவ்வேறுபாடு கடுமை பெற்றது. பதிவேட்டில் நிலம் என்றிருப்பதில் உரிய இசைவின்றி வீடு கட்ட இயலாது. பத்திரத்தில் 'நிலம்' என்று கண்ட தமிழர் அதைத் தம் மொழிப்பொருளில் படித்தால் வாங்கிய மனையில் தளம் போடவே வழியிருக்காது. மலையாள வழக்கில், நிலத்தில் வீடு கட்டக்கூடாது. கட்டிய வீட்டுக்குள் நிலம் இருந்தே தீரும். இச்சிலேடையை வேற்று மொழிக்குக் கொண்டுசெல்ல முயல வேண்டா.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையர் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அவ்வகையில் எழுதப்படும் விண்ணப்பங்களிலும் விடைகளிலும் 'நிலம்' வருமிடமெல்லாம் 'நெல்வயல்' அல்லது 'நஞ்சை' என எழுதுவதும், 'புரயிடம்' என்பதை 'மனையும் தோட்டமும்' என விரிப்பதும் தகும். வீட்டின் விவரக் குறிப்பில் மண்தரை, காவித்தரை, கல் பதித்த தரை, டைல்ஸ் தரை என்னும் நான்கு தொடர்கள் போதும். அவற்றுள் எதுவும் அகராதி நோக்கிப் புரிந்துகொள்ள வேண்டியதன்று. ஆத்தங்குடியிலிருந்து கல் வாங்கிப் பதித்தவர் வீட்டுக்கு மட்டும் 'ஆத்தங்குடிக் கல்' என்று ஊர்ப்பெயரோடு எழுதலாம். மலையாளத்தில் எழுதும்போதும் கல் என்பதை ஓடாக்காமல் விடலாம், அங்கும் ஓடு கூரையில்தான் இருக்கிறது.